எடை எழுதாத டப்பா

வேங்கடாசலம் தன் சிநேகிதன் குணாவுக்குத் தரவேண்டிய பாக்கி இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். திருப்பதியில் குணா நடத்துகிற ஜிம்மின் நீல நோட்டில் அது ஒரே வரியாகக் கிடந்தது: வேங்கி, சித்தூர், சிவப்பு டப்பா ஒன்று, 2,850.

டப்பாவில் முப்பது கரண்டித் தூள். கரண்டி தொண்ணூற்றைந்து ரூபாய். சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிற ஹமாலிக்கு அது பத்துப் பன்னிரண்டு மூட்டைக் கூலி. அந்தத் தூளைத் தின்றுவிட்டு முதல் பன்னிரண்டு மூட்டையைத் தூளுக்காகத் தூக்கவேண்டும், பதிமூன்றாவதிலிருந்துதான் வீட்டுக்கு.

அப்படியும் வாங்கினான் என்றால் அதற்குக் காரணம் சின்னப்பன் மேஸ்திரியின் நடை. தை பிறப்பதற்கு முன்னால், கரும்பு வெட்டு சூடு பிடித்து மண்டிக்கு வெல்லம் குவியத் தொடங்கும்போது, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை மேஸ்திரி வரிசையில் நிறுத்துவார். ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகை ஏறி லாரிக்குள் இறக்கவேண்டும். பத்து நடை. பத்தையும் முடித்தவனுக்கு அந்த வருஷம் கூட்டுக் கூலியில் முழுப் பங்கு. எட்டு, ஒன்பது போனவனுக்கு முக்கால். அதற்குக் கீழே அரை. அழுதாலும் புரண்டாலும் அடுத்த தை வரைக்கும் அதுதான்.

வேங்கடாசலத்துக்கு நாற்பத்தேழு. போன வருஷம் பத்தாவது நடையில் பலகை ஆடியதா கால் ஆடியதா என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் மனைவி கன்னிகா மாம்பழக் கூழ் பேக்டரியில் வேலை செய்கிறவள். மாங்காய்க் காலம் வரும்வரை அவளுக்கு வேலை கிடையாது. முழுப் பங்கு போனால் வீட்டுக்குள் எது எது போகும் என்று அவன் விரல் விட்டுப் பார்த்திருந்தான்.

அதனால்தான் கார்த்திகை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனான்.

குணாவின் ஜிம்மில் சுவருக்குச் சுவர் கண்ணாடி. குளிர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் ஒரு கவுண்டர்; அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாக டப்பாக்கள், கோயில் கடையில் குங்குமம் அடுக்கினமாதிரி, சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக.

"இன்னாடா வேங்கி, இந்தப் பக்கம்? பெருமாள் கூப்டாரா, நான் கூப்ட்டனா?" என்றான் குணா.

"ரெண்டு பேரும் கூப்டல. முட்டிதான் இட்டுக்கினு வந்துச்சி."

விஷயத்தைச் சொன்னான். குணா யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் ஒரு சிவப்பு டப்பாவை எடுத்தது. டப்பாமேல் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"வேலைக்கு அரை மணி முன்னாடி ஒரு கரண்டி தண்ணில கலக்கிக் குடி. மூஞ்சியில காதுல சுருசுருன்னு எறும்பு ஊர்ற மாதிரி வரும். வந்துச்சின்னா மருந்து புட்சிக்கிச்சின்னு அர்த்தம். ஏறி அடி!"

"எவ்ளோ?"

"காசு இப்ப கேட்டனா? நோட்ல எய்திக்கிறேன். முழுப் பங்கு வந்ததும் குடு."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தான். எறும்பு ஊர்ந்தது. காது மடல் எரிந்தது. மூட்டைகள் பஞ்சாகவில்லை என்றாலும் தோளுக்கு வருகிற வேகம் தெரிந்தது. ஹமாலிகள் வழக்கப்படி அஞ்சு மூட்டைக்கு ஒருதரம் டீக்கடைப் பக்கம் போகிறவன்தான் அவன். கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன ஸ்ட்ராங் டீ, காலையிலேயே அஞ்சு. தூள் வந்ததற்காக டீயை விடவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தூள் மருந்து, டீ டீ. ரெண்டும் ஒரே சங்கதிதான் என்பது எப்படித் தெரியும்?

ராத்திரி கண் மூடுவதில்லை. கன்னிகாவிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் வேறொன்றைப் பார்த்திருந்தாள்.

"யோவ், இந்தத் தூளு கீழ கொட்டி மூணு நாளாவுது. இத்தினி இனிப்பா வாசன அடிக்கிது, ஒரு எறும்பு கூட வரல பாரு. உன் சட்டையில ஒட்டிக்கினு வர்ற வெல்லத்துக்கு ஊரே வருது. எறும்பு துன்னாதத நீ துன்றியே!"

"அது வேற இனிப்பு. எறும்புக்கு இன்னா தெரியும்?"

"எறும்புக்குத் தெரியும்யா. உனுக்குத்தான் தெரில."

பதினோராம் நாள் காலை, இன்னும் பாதி லோடு பாக்கி இருந்தபோது, பலகை நடுவில் நெஞ்சுக்குள் யாரோ தப்படித்தார்கள். டண் டண் டண் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி. கண்ணுக்கு முன்னால் லாரி ரெண்டானது. மூட்டையை லாரிக்குள் தள்ளிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த செங்கல்வராயன், "இன்னா மாமா, மூட்டமேல குந்திக்கினு கொலு வெக்கிறியா?" என்று சிரித்தவன், முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். அவனே டவுன் ஆரோக்கிய கேந்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே நர்சு சபீனா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ஒருதரம் பார்த்தாள். நம்பாமல் இன்னொருதரம் காற்றடித்தாள்.

"நூத்தி அறுவத்தெட்டு, நூத்தி நாலு. அண்ணா, பிபி இருக்கிறது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"எனக்கு எதுக்குமா பிபி? நான் இன்னா ஆபீசரா?"

"மூட்ட தூக்கறவங்கள பாத்து பிபி பயந்துக்கினு ஓடாது அண்ணா. இன்னைக்கு இன்னா இன்னா சாப்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

தூளைப் பற்றிச் சொன்னான். டீயைப் பற்றிச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டே வந்து டீ கணக்கில் பேனாவை நிறுத்தினாள்.

"இந்தத் தூளுங்கள்ல முக்கியமா வேல செய்யறது காஃபின். காபியில, டீயில இருக்கறதே அதுதான். நல்லா இருக்கற ஆளுக்கே எல்லாம் சேத்து ஒரு நாளைக்கி நானூறு மில்லிகிராம் தாண்டக்கூடாது. உங்களுக்கு அவ்ளோவும் ஆகாது. அந்த டப்பாவுல எத்தினி போட்டிருக்குதுன்னு பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் தொடாதீங்க. டாக்டர் மாத்திரை எழுதுவாரு, அத்த விடாதீங்க."

"பாத்துட்டு வாங்க" என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். வேங்கடாசலம் எழுத்தைப் பிடித்ததே முப்பத்தெட்டு வயதில், முதியோர் வகுப்பில், தெலுங்கு. இங்கிலீஷ் எழுத்து அதற்கும் அப்புறம். லாரி நம்பர், மூட்டை முத்திரை, மண்டிச் சீட்டு என்று பார்த்துப் பார்த்து வந்தது. சட்டென்று படிக்கிறவர்கள் வரிக்கு வரி தாவிப் போவார்கள். அவனால் தாவ முடியாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் மிதித்துப் போகவேண்டும்.

வீட்டுக்கு வந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முழு மத்தியானம் போனது.

சிங்கத்துக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் கொட்டையாக ஒரு பெயர், 'எனர்ஜி பிளெண்ட்' என்று. அதற்கு நேரே 4,850 மி.கி. அந்தப் பெயருக்குக் கீழே ஒன்பது பெயர்கள், கமா போட்டுக் கமா போட்டு. காஃபின் அதில் நாலாவது. ஒன்பது பெயருக்கும் தனித்தனி எடை இல்லை. மேலே போட்ட ஒரே எடைதான்.

விரலைத் திரும்ப முதலிலிருந்து ஓட்டினான், எங்கேயாவது விட்டுவிட்டோமோ என்று. விடவில்லை.

மண்டியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எடை எழுதாத மூட்டைக்கு எவனும் தோள் கொடுக்கமாட்டான். மேஸ்திரி கத்தட்டும், முதலாளி காரிலிருந்து இறங்கி வரட்டும், தராசில் ஏற்றிச் சுண்ணாம்பால் எண் போட்ட பிறகுதான் கொக்கி அதன்மேல் விழும். தனசேகர் என்று ஒருவன் இருந்தான். ஐம்பது என்று நினைத்து முதுகைக் குனித்துக் கொடுத்தான், இருந்தது தொண்ணூறு. இன்றைக்கும் கட்டிலைவிட்டு ஒரு பக்கமாகத்தான் எழுந்திருக்கிறான். அன்றிலிருந்து அந்தச் சட்டம்.

பதினோரு நாளாக எடை எழுதாத மூட்டையை வயிற்றுக்குள் இறக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது வேங்கடாசலத்துக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஸ். காணிப்பாக்கம் போகிற கூட்டம் வழியில் இறங்கிவிட்டது. பஸ் காலியாக ஓடியது. ஜன்னல் காற்றில் எங்கோ வெல்லம் காய்ச்சுகிற வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் அவனுக்கு ஒரே ஒரு இடம்தான் ஞாபகம் வரும்.

மண்டிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அவனும் குணாவும் இன்னும் நாலைந்து ஹமாலிகளும் சேர்ந்து கட்டிய ஜிம். கரும்பாலையில் தேய்ந்துபோன இரும்புத் தண்டுதான் பளு தூக்கும் பார். லேத்துப் பட்டறை கழித்துப்போட்ட பல்சக்கரங்கள்தான் எடை. ஒவ்வொன்றையும் மண்டித் தராசில் ஏற்றி, குணாதான் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதுவான். பதினொன்றரை, பத்தொன்பதே முக்கால், இருபத்திரண்டே கால். ஒரு எண்ணாவது முழுசாக இருக்காது. கண்ணாடி இல்லாததால் ஒருத்தன் தூக்கும்போது இன்னொருத்தன் எதிரே நின்று, "இடுப்பு கோணுதுடா" என்று சொல்லவேண்டும். குணாவுக்கு வேங்கி கண்ணாடி, வேங்கிக்குக் குணா.

தூக்குவதற்கு முன்னால் ஆளுக்கு ரெண்டு மஞ்சள் வாழைப்பழம். சாக்கு உதறியபோது விழுந்த வெல்லத்தூளைப் போட்டு ஒரே ஒரு டம்ளர் கடுங்காபி, எல்லாருக்கும் சேர்த்து. அதில் ஒரு சிட்டிகை உப்பு. டம்ளர் எவர்சில்வர், விளிம்பில் ஒரு நசுங்கல். நசுங்கல் பக்கம் யாருக்கு வருகிறதோ அவன்தான் அன்றைக்கு முதலில் தூக்கவேண்டும். அந்தக் கொட்டகையில் குணா ஒருநாள் நூற்று முப்பதைத் தரையிலிருந்து எழுப்பினான். இறக்கிவிட்டு அழுதான். ஏன் அழுதான் என்று யாரும் கேட்கவில்லை. மழையில் தகரம் பறந்து, இடம் கைமாறி, இப்போது அங்கே லாரி நிற்கிறது.

கவுண்டரில் டப்பாவை வைத்தபோது குணா, "அடுத்ததா? அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்று சிரித்தான்.

"பதினோரு கரண்டி துன்னேன். நூத்தி அறுவத்தெட்டு பிபி. குணா, இதுல காஃபின் எத்தினி கீது?"

"இருக்கும்டா, எல்லாத்துலயும் இருக்கறதுதான்."

"எத்தினின்னு கேட்டேன்."

குணா டப்பாவைத் திருப்பினான். மேலிருந்து கீழே பார்த்தான். இந்தக் கட்டத்தை அவன் இதுவரை படித்ததில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. போனை எடுத்து, சரக்கு போடுகிற ஏஜென்ட் ஹரிபிரசாத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"அன்னா, தனித்தனியா எத்தினின்னு எனக்கும் தெரியாது. கம்பெனி சீக்ரெட் ஃபார்முலா அன்னா. அத வெளிய சொன்னா காப்பி அடிச்சிடுவானுங்க. ஆனா சரக்கு மூவிங் சூப்பரா கீது இல்ல?"

"துன்றவனுக்கே சொல்லாத ரகசியம் இன்னா ரகசியம்பா?" என்று வேங்கடாசலம் குறுக்கே பேசினான்.

"யாரு அன்னா அது?"

"என் கண்ணாடி," என்று சொல்லி குணா போனை வைத்தான். டப்பாவை மறுபடி கையில் எடுத்தான். பிறகு, "எறும்பு ஊர்ந்துச்சில்ல?" என்றான், தனக்காகவே கேட்பதுபோல.

"ஊர்ந்துச்சி."

"அது பீட்டா அலனின். அது ஒண்ணியும் பண்ணாது, சும்மா சுருசுருங்கும். அது வந்தா மத்ததும் நல்லா வேல செய்யிதுன்னு நாங்க சொல்லிக்கிறோம். ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாது." விரல் பட்டியலின் கடைசிக்குப் போய் நின்றது. "த்தூ... யோகிம்பின் வேற போட்டுகீறான். பிபி ஆளு இத்த தொடவே கூடாதுடா. நான் உன் வயசக்கூடக் கேக்கலயே வேங்கி."

"என் வயசு உனக்குத் தெரியாதா? உன்ன விட ஆறு மாசம் சின்னவன்."

குணா சிரிக்கவில்லை. வேங்கடாசலம் வரும்வழியெல்லாம் வைத்திருந்த கேள்வியைக் கேட்டான்.

"உன் பொண்ணு பவ்யா காலேஜுக்கு வெயிட் தூக்கறாளே, அவளுக்கு இதான் குடுக்கிறியா?"

குணா டப்பாவைக் கவுண்டரில் வைத்து வேங்கியின் பக்கம் தள்ளினான்.

"இல்ல," என்றான் குணா. "அவளுக்கு ரெண்டு வாழப்பழம். பால் இல்லாத காபி, சின்ன டம்ளர்ல. தெனம் அஞ்சு கிராம் கிரியேட்டின், அதுவும் வேற எந்தக் கலப்பும் இல்லாத டப்பா."

"அப்ப கொட்டகை இன்னும் நடந்துக்கினுதான் கீது உன் வூட்ல."

"நடந்துக்கினு கீது. கடையிலதான் மூடிட்டேன்."

அப்புறம் ரெண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். குணா தட்டிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கொடுத்தான். வேங்கடாசலம் விரலை வைத்து ஓட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எண் இருந்தால் வலப்பக்கம். பிளெண்ட் என்று மூட்டையாகக் கட்டியிருந்தால் இடப்பக்கம். சிட்ருலின் ஆறு கிராம், பீட்டா அலனின் மூணு கிராம், காஃபின் நூற்றைம்பது என்று கணக்காகப் போட்டிருந்த ஒன்றைப் பார்த்து, "இவன் தராசு வெச்சிருக்கான்டா," என்றான். வெளி ஆய்வகத்தில் சோதித்த முத்திரை இருக்கிறதா என்று குணா போனில் தட்டிப் பார்த்தான். காஃபின் முந்நூறுக்குமேல் போனதெல்லாம், எண் போட்டிருந்தாலும், இடப்பக்கமே போனது.

நடுவில் உடற்பயிற்சிக்கு வந்த ஒருவர், "ஏம் ரா குணா, ஸ்டாக் எடுக்கறியா?" என்றார்.

"எடை போட்றோம் சார்," என்றான் குணா.

முடித்தபோது பத்தொன்பது வகையில் ஆறு மிஞ்சியது. இடப்பக்கக் குவியல் எவ்வளவு காசு என்று வேங்கடாசலம் கேட்கவில்லை. குணாவும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே மார்க்கரால் 'ரிட்டர்ன்' என்று எழுதினான்.

"எனக்கு இதுல எது?" என்று ஆறைக் காட்டிக் கேட்டான் வேங்கடாசலம்.

"உனக்கு ஒண்ணியும் வேணாம். முதல்ல மாத்திரைய முழுங்கு. தூக்கலாம்னு டாக்டர் சொன்னா தூக்கு. நடை அன்னிக்கி நான் வரேன்."

மூன்று வாரம் மாத்திரை போட்டான். டீ ஒன்றாகக் குறைந்தது. தலைவலியில் நாலு நாள் உலகமே கசந்தது. அப்புறம் ராத்திரி தூக்கம் வந்தது. சபீனாவின் பட்டையில் நூற்று முப்பத்தாறு, எண்பத்தாறு காட்டியது. டாக்டர், "தூக்கலாம். மூச்சை அடக்கிக்கினு தூக்காதே. நெஞ்சு படபடத்தா அங்கயே இறக்கிடணும்," என்று தெலுங்கில் ரெண்டுதரம் சொன்னார்.

நடை நாளன்று குணா காலைப் பஸ்ஸில் வந்திறங்கினான். கையில் ஒரு பை. பையில் நாலு வாழைப்பழம், ஒரு பிளாஸ்க், பேப்பரில் சுற்றிய ஒரு டம்ளர். விளிம்பில் நசுங்கல்.

"இத்த எங்கடா வெச்சிருந்த?"

"பவ்யா குடிக்கிறது இதுலதான்."

மூட்டையிலிருந்து சிந்திய வெல்லத்தூளைக் கிள்ளிப் போட்டு, உப்பு போட்டு, பாதி இவன் பாதி அவன். நசுங்கல் பக்கம் வேங்கடாசலத்துக்கு வந்தது. அவன்தான் முதல் ஆள்.

சின்னப்பன் மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியோடு நின்றார். நடைக்கு ஒரு கோடு. முதல் நாலு கோடு சுலபமாக விழுந்தது. குணா பலகைக்கு எதிரே நின்று, "வலது தோள் எறங்குது. மூச்ச வுடு. வுடுடா மூச்ச!" என்று கத்திக்கொண்டிருந்தான். அஞ்சு, ஆறு. ஏழில் முட்டி கூவியது. முட்டி வலி அவனுக்குப் பழகிய வலி, அதை வைத்துக்கொண்டு நடக்கத் தெரியும். எட்டு முடிந்தது. ஒன்பதாவது மூட்டையை ஏற்றி ரெண்டடி வைத்தபோது உள்ளே அந்தத் தப்புச் சத்தம். ஒருதரம், மெதுவாக. பிறகு ரெண்டாந்தரம்.

இன்னும் ரெண்டே நடை. முழுப் பங்கு பலகைக்கு அந்தப் பக்கம் நின்றது. அந்தச் சிவப்புத் தூள் உள்ளே இருந்திருந்தால் இந்தத் தட்டலை அது தன் சத்தத்தால் மூடியிருக்கும், அவனும் ஏறியிருப்பான். இன்றைக்கு எது தன் நெஞ்சு, எது வெளியிலிருந்து வந்தது என்று அவனுக்குப் பிரித்துத் தெரிந்தது.

முட்டியை மடக்கி, மூட்டையைப் பலகையடியில் இறக்கி வைத்தான்.

"இன்னாபா வேங்கி, இன்னும் ரெண்டுதானே கீது? தம் புடிச்சி ஏறிடு," என்றார் மேஸ்திரி. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"எட்டு போதும் மேஸ்திரி. கோட்ட இழுத்துடு."

முக்கால் பங்கு. கன்னிகாவிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் கணக்குப் போட்டாள். "மாங்கா வர்ற வரிக்கும் இழுத்துப் புட்சிக்கலாம். பத்தாவது நடையில செத்து முழுப் பங்கு வாங்கினு வந்து, அத்த யாரு துன்றது?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

புதுப் பங்கு வந்த நாலாவது வாரம், மிஞ்சிய தூளோடு அன்று வீட்டுக்கே திரும்ப எடுத்துவந்திருந்த டப்பாவையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு வேங்கடாசலம் திருப்பதிக்குப் போனான். நோட்டுகளைக் கவுண்டரில் வைத்தான். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

"எடுத்துக்கினு போடா. வெஷத்த வித்துட்டு காசு வேற வாங்கணுமா?"

"வாங்கினது நான். நோட்ல என் பேரு கீது. எடை எழுதின மூட்டடா இது, இறக்கினாதான் தோள் காலியாவும்."

"சரி. பதினோரு கரண்டிதானே துன்ன? தொண்ணூத்தஞ்சு வீதம் ஆயிரத்து நாப்பத்தஞ்சு. மிச்சத்த டப்பாவோட நான் ரிட்டர்ன் போட்டுக்கிறேன்."

"ஒடச்ச டப்பாவ எவன் வாங்குவான்? முழுசா எடு."

"ஊரெல்லாம் பாக்கிய கொறைக்கச் சொல்லி அழுவுது, நீ ஒருத்தன் ஏத்தச் சொல்றியே. ஆயிரத்து நாப்பத்தஞ்சு. அதுக்குமேல ஒரு ரூவா வெச்சாலும் நான் உன் கண்ணாடி இல்ல."

வேங்கடாசலம் அவனைப் பார்த்தான். ஆயிரத்து நாற்பத்தைந்தை எண்ணித் தள்ளினான். குணா அதை இன்னொருதரம் எண்ணி, மேஜைக்குள் போட்டு, நீல நோட்டைத் திறந்து அந்த வரியின்மேல் கோடு இழுத்தான். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி இழுத்தான்.

பிறகு டப்பாவைக் கொண்டுபோய்க் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டான். தொட்டி முழுக்கச் சிவப்பாக நுரைத்தது.

"ரிட்டர்ன் போட்றேன்னியேடா!"

"போட்டாச்சி. வா, காபி குடிக்கலாம்."

டம்ளரில் நசுங்கல் பக்கம் இந்தத்தரம் குணாவுக்கு வந்தது. விளிம்பில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு அவன் முதலில் குடித்தான்.